6 மீட்டர் விழும் கல்லில் 53 மீட்டர் அடி

மலேசியாவின் தெற்குப் பேராக்கில் தாப்பா, பீடோர், சுங்காய், சிலிம் ரிவர், தஞ்சோங் மாலிம் என்று வரிசையாக வரும் தோட்டப்புற ஊர்களை ஒட்டித்தான் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை போகிறது. பல இடங்களில் செம்பனைத் தோட்டம் சாலைக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. நடுவில் ஒரு மேம்பாலம். காலையில் அதில் டிராக்டர் போகும், பழ லோரி போகும், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் மோட்டார் போகும். சாயங்காலம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, அடுத்து வருவது வெள்ளைக் காரா சிவப்புக் காரா என்று பந்தயம் கட்டும் பையன்கள் நிற்பார்கள். இதில் தப்பு எதுவும் இல்லை. வேடிக்கை பார்ப்பவன் கையில் ஒரு கல் ஏறும்போதுதான் விஷயம் வேறாகிறது.

பாலத்திலிருந்து கல்லைப் போட்டுப் பிடிபடுகிற பிள்ளைகள் சொல்வதைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "எறியவே இல்லை, சும்மா கைய விட்டேன்." அவர்கள் பொய் சொல்வதில்லை. எறிந்தால்தான் ஆபத்து, மெதுவாக விட்டால் கல் மெதுவாகத்தான் விழும் என்று உண்மையாகவே நம்புகிறார்கள். பெரியவர்களிலும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். இந்தக் கணக்கு எங்கே பிசகுகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

மழையில் மோட்டார் ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தூறலில் சும்மா நின்றால் முகத்தில் பூத்தூவல் மாதிரி இருக்கும். அதே தூறலில் கப்சாய் மோட்டாரை மணிக்கு 80இல் விட்டுப் பாருங்கள், ஒவ்வொரு துளியும் ஊசி மாதிரி குத்தும், கண்ணைத் திறக்க முடியாது. மழையின் வேகம் கூடவில்லை. நாம் போய் மழையில் மோதுகிறோம். பாலத்திலிருந்து விழும் கல்லும் அப்படித்தான். கல்லுக்கு வேகத்தைக் கொடுப்பது கை இல்லை, கீழே வருகிற கார்.

எண்களைப் போட்டுப் பார்க்கலாம். பாலத்தில் நிற்பவரின் கை சாலையிலிருந்து 7 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காரின் முன் கண்ணாடி தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர். ஆக, கல் விழும் தூரம் 5.8 மீட்டர். கையிலிருந்து நழுவிய கல் அந்தத் தூரத்தைக் கடக்க 1.1 விநாடி எடுக்கும். கண்ணாடி மட்டத்துக்கு வரும்போது அதன் வேகம் விநாடிக்கு 10.7 மீட்டர், அதாவது மணிக்கு 38 கிலோமீட்டர். ஊருக்குள் மெதுவாகப் போகும் மோட்டாரின் வேகம்தான். பையன்கள் மனசில் இருப்பதும் இந்த 38 மட்டும்தான்.

நெடுஞ்சாலையில் அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர். அது விநாடிக்கு 30.6 மீட்டர். கல் மேலிருந்து கீழே வருகிறது, கார் நேராக வருகிறது. திசைகள் வேறு என்பதால் இரண்டையும் அப்படியே கூட்டக் கூடாது. தனித்தனியாக வர்க்கம் எடுத்து, கூட்டி, வர்க்கமூலம் காண வேண்டும். விடை விநாடிக்கு 32.4 மீட்டர். காருக்குள் உட்கார்ந்திருப்பவரைப் பொறுத்தவரை அந்தக் கல் மணிக்கு 116 கிலோமீட்டர் வேகத்தில் அவர் முகத்தை நோக்கி வருகிறது.

வேகத்தைவிட ஆற்றலைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஆற்றலை ஜூல் என்ற அலகில் அளப்பார்கள். 100 கிராம் எடையுள்ள ஒரு பொருளை 1 மீட்டர் தூக்குவதற்கு ஏறக்குறைய 1 ஜூல் செலவாகும். நிறுத்தி வைத்த கார்மேல் 1 கிலோ கல்லை அந்தப் பாலத்திலிருந்து விட்டால் அடி 57 ஜூல். அதே கல், அதே பாலம், அதே கை, ஆனால் கீழே கார் 110இல் வந்தால் 524 ஜூல். ஒன்பது மடங்குக்கு மேல்.

இந்த 524ஐ உயரமாக மாற்றினால், நின்றுகொண்டிருக்கும் கார்மேல் அதே கல்லை 53 மீட்டர் உயரத்திலிருந்து போட்ட மாதிரி. பத்துமலை முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர். சிலையின் கிரீடத்துக்கும் மேலே இன்னும் 10 மீட்டர் ஏறி நின்று கல்லைக் கைவிடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கல் போட எந்தப் பையனுக்கும் மனம் வராது. பாலத்திலிருந்து போடக் கை வருகிறது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவது 7 மீட்டர்தான்.

எறிந்தால் இன்னும் மோசம் என்பதும் உண்மை. வருகிற காரை நோக்கி விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் எறிந்தால் 524 என்பது 880 ஜூலுக்கு ஏறிவிடும். ஆனால் ஆளைக் கொல்ல அந்தக் கூடுதல் தேவையே இல்லை.

கண்ணாடி தாங்குமா?

காரில் இரண்டு வகைக் கண்ணாடி உண்டு. பக்கத்திலும் பின்னாலும் பெரும்பாலும் இருப்பது சூட்டில் பதப்படுத்திய கண்ணாடி. உடைந்தால் கற்கண்டு மாதிரி சின்னச் சின்னத் துண்டாகக் கொட்டும். முன்னால் இருப்பது அடுக்குக் கண்ணாடி. தலா 2 மில்லிமீட்டர் அளவுள்ள இரண்டு கண்ணாடித் தகடு, நடுவில் முக்கால் மில்லிமீட்டர் தடிப்பில் பி.வி.பி என்ற பிளாஸ்டிக் சவ்வு. கண்ணாடி உடைந்தாலும் சவ்வு துண்டுகளை விடாமல் பிடித்துக்கொள்ளும். பிரெஞ்சு வேதியியலாளர் எடுவார் பெனெடிக்டுஸ் 1909இல் காப்புரிமை வாங்கிய யோசனை இது. கீழே விழுந்த ஆய்வுக்கூடக் குடுவை ஒன்று விரிசல் விட்டும் சிதறாமல் இருந்ததைப் பார்த்துத்தான் அவருக்கு அது தோன்றியது என்பார்கள்.

இந்த முன் கண்ணாடியைச் சோதிக்கப் பல நாடுகள் பின்பற்றுவது ஐக்கிய நாடுகளின் 43ஆம் எண் வாகன விதிமுறை. அதில் உள்ள ஒரு சோதனையில் 2.26 கிலோ எடையுள்ள இரும்புக் குண்டை 4 மீட்டர் உயரத்திலிருந்து கண்ணாடிமேல் போடுவார்கள். 5 விநாடிக்குள் குண்டு துளைத்துக்கொண்டு கீழே போகக் கூடாது. அந்த அடியைக் கணக்குப் போட்டால் சுமார் 89 ஜூல். குண்டு வழவழப்பானது, உருண்டையானது. பாலத்துக் கல்லுக்குக் கூர் உண்டு, அடி முழுவதும் ஒரு முனையில் இறங்கும். அதனால் இரண்டையும் சரிக்குச் சரி ஒப்பிட முடியாது. ஆனாலும் 89 எங்கே, 524 எங்கே என்பதைப் பார்த்தாலே போதும். முன்னால் போகும் லோரியின் டயர் தெறிக்கும் சரளைக்கல்லைத் தாங்குவதும், மோதலில் உள்ளே இருப்பவர் வெளியே வீசப்படாமல் தடுப்பதும்தான் முன் கண்ணாடியின் வேலை. மேலிருந்து வரும் செங்கல்லை நிறுத்துவதற்காக யாரும் அதைச் செய்யவில்லை.

கல் உள்ளே வராவிட்டாலும் கண்ணாடி முழுசாகக் காப்பாற்றிவிடாது. வெளித் தகட்டில் அடி விழும்போது உள் தகட்டின் உட்புறத்திலிருந்து பொடித் துகள்கள் பிய்ந்து பறக்கும். சவ்வு நடுவில்தான் இருக்கிறது, இந்தத் துகளைப் பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. முதலில் அடிபடுவது கண்.

பலர் கவனிக்காத ஒன்று, சாய்வு. இன்றைய கார்களில் முன் கண்ணாடி நன்றாகப் படுத்திருக்கும், கிடைமட்டத்திலிருந்து 30 பாகை அளவுக்கு. முன்னால் போகும் லோரியிலிருந்து கல் நேராக வந்தால் இந்தச் சாய்வில் வழுக்கிக்கொண்டு மேலே போய்விட வாய்ப்பு உண்டு, அதன் ஆற்றலில் கால் பங்குதான் கண்ணாடிக்குள் இறங்கும். மேலிருந்து வரும் கல்லுக்கு அந்த வழுக்கல் குறைவு. அது 19 பாகை கீழ்நோக்கி வருகிறது, கண்ணாடி 30 பாகை மேல்நோக்கி எழும்புகிறது, இரண்டும் சேர்ந்து 49 பாகையில் மோதுகின்றன. கண்ணாடியைக் குத்தும் பங்கு பாதிக்கு மேல் போய்விடுகிறது. 1 கிலோ கல்லுக்கு நேராக வந்தால் 117 ஜூல், மேலிருந்து வந்தால் 300 ஜூல். விழும் வேகமான 38 கிலோமீட்டரைப் பார்த்துச் சின்ன எண் என்று விட்டுவிடுகிறோம். காரின் வடிவம் தருகிற பாதுகாப்பைக் கெடுப்பது அந்தச் சின்ன எண்தான்.

கூரைமேல் விழுந்தால் கதை வேறு. கூரை கிடைமட்டமாக இருப்பதால் கல்லின் 38 மட்டும்தான் அதைக் குத்தும், 110இன் பங்கு உரசிக்கொண்டு பின்னால் போய்விடும். பெரும்பாலும் தகரம் நசுங்கும், அவ்வளவுதான். கூரைக்கும் கண்ணாடிக்கும் உள்ள வித்தியாசம் நேரத்தில் மிகச் சின்னது. 110இல் போகும் காரின் கண்ணாடி ஒரு புள்ளியைக் கடந்து போக ஒரு விநாடியின் நூறில் மூன்று பங்கு போதும். "குறி பார்த்துக் கூரைமேல் போட்டேன்" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். மனிதக் கையால் அந்தக் குறி முடியாது.

விரைவு பஸ், லோரி ஓட்டுநர்களுக்கு இந்தச் சாய்வே கிடையாது. அவர்களுடைய முன் கண்ணாடி சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும். 90இல் போகும் பஸ்ஸின் கண்ணாடியை 1 கிலோ கல் குத்தும் ஆற்றல் 312 ஜூல், 110இல் போகும் காருக்கு ஆவதைவிடக் கொஞ்சம் கூடவே. பெரிய வண்டி, பத்திரம் என்று பஸ்ஸுக்கு மட்டும் நினைத்துவிடக் கூடாது. மோட்டாரோட்டிக்குக் கண்ணாடியே இல்லை, ஹெல்மெட்டின் முகத்திரைதான். 90இல் போகிறவருக்கு அதே கல் 369 ஜூல், நேராக முகத்திலோ நெஞ்சிலோ.

என்னென்ன விழுகிறது

கல் என்றதும் பாறாங்கல்தான் நினைவுக்கு வரும். அவ்வளவு பெரிசு தேவையில்லை. 110இல் வரும் காருக்கு 15 கிராம் சரளைக்கல் 8 ஜூல், கண்ணாடியில் நட்சத்திர விரிசல். 200 கிராம் கல், அதாவது ஒரு நடுத்தர மாங்காய் எடை, 105 ஜூல். இரும்புக் குண்டுச் சோதனையின் எல்லையை இங்கேயே தாண்டியாயிற்று. இரண்டரைக் கிலோ செங்கல் 1,300 ஜூலுக்கு மேல்.

தண்ணீர் பாட்டிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக்தானே, மெத்தென்று இருக்குமே என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. மூடி போட்ட முழு பாட்டில் இந்த வேகத்தில் கட்டிப் பொருள் மாதிரிதான் மோதும். அரை லிட்டர் பாட்டில் 262 ஜூல், ஒன்றரை லிட்டர் பாட்டில் கிட்டத்தட்ட 790. ஐஸ் கட்டியைத் தனியாகச் சொல்லவே வேண்டாம். பிளாஸ்டிக் பையில் தண்ணீர் கட்டிப் போடுவதும் இதே கணக்கில்தான் வரும். காலி பாட்டில் கண்ணாடியை உடைக்காது, ஆனால் 'பட்'டென்று மோதும் சத்தத்தில் ஓட்டுநர் ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பிவிடுவார். முட்டை, சேறு, பெயிண்ட் எல்லாம் இந்த வகைதான். அடி சின்னது, மிரட்சி பெரிது, பார்வையும் மறையும். விநாடிக்கு 30 மீட்டர் போகும் வண்டியில் இரண்டு விநாடி கண் மறைந்தால் 60 மீட்டர் குருட்டு ஓட்டம்.

வேண்டுமென்றே போடாமல் விழுவதும் உண்டு, தோட்டப்புறத்தில் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். ஒரு செம்பனைக் குலை 10 முதல் 25 கிலோ வரை இருக்கும். வலை கட்டாமல், விளிம்புக்கு மேல் குவித்து ஏற்றிய டிரெய்லர் பாலத்தின் இணைப்பில் குலுங்கும்போது ஓரத்துக் குலை ஒன்று உருண்டால் கைப்பிடிச் சுவர் அதைத் தடுக்கும் என்ற உறுதி இல்லை. 20 கிலோ குலை 110இல் வரும் காரில் 10,000 ஜூலைத் தாண்டும். எந்தக் கண்ணாடியும் அதன் முன் காகிதம்தான். பாலத்தைக் கடக்கும் லோரிக்கு வலை போட வேண்டும், பக்கப் பலகையின் விளிம்புக்கு மேல் குலை எழும்பக் கூடாது, பாலத்தில் வேகம் குறைய வேண்டும். ஏற்றுகிறவர்களுக்கு இது தெரியாததில்லை. கடைசி நடையில், இருட்டுவதற்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில்தான் வலை கட்டாமல் விட்டுப்போகிறது.

ஓட்டுநர் என்ன செய்யலாம்

உண்மையைச் சொன்னால், கல் கையை விட்ட பிறகு ஒன்றும் செய்ய முடியாது. அது விழும் 1.1 விநாடியில் கார் 33 மீட்டர் வந்துவிடும். ஓர் ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகவே ஒன்றரை விநாடி ஆகும். கல் ஓட்டுநரின் மூளைக்கு எட்டுவதற்கு முன்பே கண்ணாடிக்கு எட்டிவிடும். செய்ய முடிந்ததெல்லாம் பாலத்துக்கு முன்னாலேயே செய்வதுதான்.

300 மீட்டர் தூரத்திலிருந்தே பாலத்தின் மேல்விளிம்பை ஒரு முறை பார்க்கும் பழக்கம் நல்லது. யாராவது நின்றால் உடனே சந்தேகப்பட வேண்டாம், அது அவர்கள் ஊர்ப் பாலம். ஆனால் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்துவிடுங்கள். 110இலிருந்து 80க்கு வந்தால் கல்லின் ஆற்றல் 100க்கு 42 பங்கு குறையும். வேகம் கால்வாசி குறைந்தாலே ஆற்றல் பாதிக்கு அருகில் இறங்குகிறது, வர்க்கக் கணக்கின் புண்ணியம். பிரேக்கை மிதிக்க வேண்டாம், பின்னால் லோரி வரும். பாலத்தின் அடியில் கடைசி நேரத்தில் தடம் மாற்றுவதும் வேண்டாம். குறி தப்ப வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் கல் விழாத நாள்தான் அதிகம், பக்கத்துத் தடத்தில் வண்டி வருகிற நாளும் அதிகம். மாற்றுவதாக இருந்தால் 200 மீட்டருக்கு முன்னாலேயே, சிக்னல் போட்டு மாற்றிவிட வேண்டும்.

மழைக்கு மோட்டாரைப் பாலத்தடியில் நிறுத்துகிற வழக்கம் இங்கே யாரையும் விடாது. மேலே இருந்து விழுவதைவிடச் சாலையிலிருந்து சறுக்கி வரும் கார்தான் அங்கே பெரிய ஆபத்து. நெடுஞ்சாலையில் ஆங்காங்கே மோட்டாரோட்டிகளுக்கென்றே கட்டிய கூரைக் கொட்டகைகள் இருக்கின்றன, முடிந்தால் அதுவரை போய்விடுங்கள். வேறு வழியே இல்லையென்றால் அவசரத் தடத்தில் நிற்காமல், இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும்.

அடிபட்டுவிட்டால்

முதல் இரண்டு விநாடிதான் எல்லாம். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடியுங்கள். கண்ணாடி வெள்ளையாக விரிசலோடியிருந்தால் எங்கே தெளிவு இருக்கிறதோ அந்த இடைவெளியில் பாருங்கள், தேவைப்பட்டால் தலையைச் சாய்த்துப் பாருங்கள். காலை மட்டும் எடுங்கள். வண்டி நேராகிறது என்று உறுதியான பிறகு அபாய விளக்கைப் போட்டு, மெல்ல இடப்பக்கம் ஒதுங்குங்கள். முட்டையோ சேறோ என்றால் வைப்பரைப் போட்டதும் மேலும் இழுகும். நிறையத் தண்ணீரைப் பீய்ச்சியபடி போட்டால்தான் வழி தெரியும்.

பாலத்துக்கு அடியிலோ, அதைத் தாண்டியவுடனோ நிறுத்தாதீர்கள். போட்டவர்கள் இன்னும் மேலே இருக்கலாம், கையில் இன்னொன்று இருக்கலாம். கண் தெரிந்து, வண்டி ஓடும் நிலையில் இருந்தால் மெதுவாக அடுத்த ஓய்விடம் வரையோ டோல் வரையோ போவது நல்லது. முடியாவிட்டால் அவசரத் தடத்தில், பாலத்தை விட்டு எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி. இறங்குபவர்கள் எல்லாரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, இரும்புத் தடுப்புக்குப் பின்னால் நிற்க வேண்டும். போட்டவனைப் பிடிக்கிறேன் என்று கரையேறிப் போகாதீர்கள், அது போலீஸ் வேலை.

கண்ணில் துகள் விழுந்தால் கசக்கவே கூடாது. கசக்கினால் துகள் கருவிழியைக் கீறும். சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள். தலையில் அடிபட்டவர் நினைவோடு பேசினாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். நெஞ்சிலோ முகத்திலோ கல் பதிந்திருந்தால் பிடுங்காதீர்கள்.

அழைக்க வேண்டிய எண் 999. பிளஸ் நிறுவனம் நடத்தும் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை என்றால் 1800-88-0000 என்ற பிளஸ்லைன் எண்ணும் உண்டு. "பீடோர் தாண்டி ஒரு பாலம்" என்றால் அவர்களுக்குப் புரியாது, அந்த வட்டாரத்தில் பாலத்துக்கா பஞ்சம்? ஓரத்துப் பலகையில் உள்ள கிலோமீட்டர் எண்ணைப் புள்ளியோடு சேர்த்துச் சொல்லுங்கள், வடக்கே போகிறீர்களா தெற்கே போகிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். இந்த இரண்டும் இருந்தால் ரோந்து வண்டி சரியான பாலத்துக்குப் போகும்.

காரில் கேமரா இருந்தால் உடனே அந்தப் பதிவைப் பூட்டி வையுங்கள், இல்லாவிட்டால் அட்டையை எடுத்துவிடுங்கள். அட்டை நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதும் கருவி அது. அன்றைக்கு முழுவதும் ஓட்டிவிட்டு ராத்திரி தேடினால் காணாமல் போயிருக்கும். உள்ளே விழுந்த கல்லைத் தொடாமல் அங்கேயே விட்டுப் படம் எடுங்கள்.

விபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் ரிப்போர்ட் செய்ய வேண்டும். காப்புறுதியைப் பொறுத்தவரை, முன் கண்ணாடிக்கான கூடுதல் பாதுகாப்பைத் தனியாக வாங்கியிருந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றுவதால் உங்கள் என்.சி.டி கழிவு, அதாவது இழப்பீடு கேட்காமல் இருந்ததற்குக் கிடைக்கும் கழிவு, குறையாது. ஆண்டுதோறும் சாலை வரி புதுப்பிக்கும்போது "இது வேணாம்" என்று பலர் காப்புறுதியிலிருந்து எடுத்துவிடச் சொல்லும் பகுதி அதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது

பொருள் சேதம் மட்டும் என்றால் தண்டனைச் சட்டத்தின் 427ஆம் பிரிவு வரும். ஆள் இறந்தால் 304 அல்லது 302 வரை போகலாம், 302 என்பது கொலை. "பயமுறுத்தத்தான் போட்டேன்" என்ற வாதம் எவ்வளவு தூரம் எடுபடும் என்பதற்கு வெளிநாட்டு வழக்கு ஒன்று உண்டு. 1984இல் வேல்ஸில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, வேலைக்குப் போகும் ஒருவரை ஏற்றிச் சென்ற டாக்சிமேல் வேலைநிறுத்தக்காரர்கள் இருவர் பாலத்திலிருந்து கான்கிரீட் கட்டியைத் தள்ளினார்கள். டாக்சி ஓட்டுநர் இறந்துபோனார். பயமுறுத்த மட்டுமே நினைத்தோம் என்றார்கள் இருவரும். கொலை என்ற தீர்ப்பு மேல்முறையீட்டில் ஒரு படி குறைந்தது, 1986இல் பிரிட்டனின் அப்போதைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபையும் அதையே உறுதி செய்தது. குறைந்ததே தவிர, விடுதலை கிடைக்கவில்லை.

2000ஆம் ஆண்டு ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் மூன்று பதின்ம வயதுப் பையன்கள் நடைபாலத்திலிருந்து கற்களைப் போட்டதில் இரண்டு பெண்கள் இறந்தார்கள். அங்கே நீதிமன்றம் அதைக் கொலை என்றே தீர்த்தது. 2017இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஐந்து பையன்கள் போட்ட கல் ஒன்று காரின் பயணி இருக்கையில் இருந்தவரைக் கொன்றது, அது 2.7 கிலோ எடை. மேலே 1 கிலோவுக்குப் போட்ட கணக்கை அதால் பெருக்கிக்கொள்ளலாம்.

நம் நாட்டில் சாலையில் இல்லாவிட்டாலும், 2018 ஜனவரியில் கோலாலம்பூர் பந்தாய் டாலாம் அடுக்குமாடியில் மேலிருந்து வீசப்பட்ட நாற்காலி 15 வயது தமிழ்ப் பையன் ஒருவனின் உயிரை எடுத்தது யாருக்கும் மறந்திருக்காது. பாலத்தில் நிற்கிற பிள்ளைக்கு அந்தச் செய்தியை நினைவூட்டி, கீழே கார் 110இல் வந்தால் 7 மீட்டர் பாலமும் 17 மாடி உயரமும், அதாவது அந்த 53 மீட்டரும், இந்தக் கணக்கில் ஒன்றுதான் என்று சொன்னால் புரியும். மழை உதாரணத்தையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் எளிது. வயதைப் பொறுத்தவரை, 10 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை செய்வது குற்றமாகாது என்கிறது 82ஆம் பிரிவு. 10க்கும் 12க்கும் இடையில் விளைவை உணரும் பக்குவம் இருந்ததா என்று பார்ப்பார்கள். அதற்கு மேல் 18 வரை சிறார் நீதிமன்றம். 13 வயதுப் பையனின் அப்பா அம்மா "சின்னப் பிள்ளைதானே" என்று நினைத்தால், சட்டம் அப்படி நினைக்கவில்லை.

பாலத்தில் செய்ய வேண்டியது

பாலத்தின் இரு பக்கமும் கம்பி வலை அடிப்பதுதான் நிரந்தர வழி. நல்ல வலை ஆள் உயரத்தைத் தாண்டி, 2 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், மேல்முனை உட்பக்கம் வளைந்திருக்க வேண்டும். வளைவு இருந்தால் ஏறவும் சிரமம், தலைக்கு மேலாகத் தூக்கிப் போடவும் சிரமம். வலையின் கண்கள் கைமுஷ்டி நுழையாத அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். வலைக்கும் பாலத் தளத்துக்கும் நடுவில் இடைவெளி விட்டால் காலால் தள்ளிவிட அதுவே வழியாகிவிடும். இன்னொரு தவறு, வலையைச் சாலைக்கு நேர் மேலே மட்டும் அடித்து நிறுத்துவது. நாலு எட்டு தள்ளி நின்று கோணமாக எறிந்தால் வலையே இல்லாத மாதிரி. இரண்டு முனையிலும் சாலை விளிம்பைத் தாண்டிப் பல மீட்டர் போக வேண்டும். துருப்பிடித்த இடத்தில் முதலில் ஒரு கண் அறுபடும், பிறகு அது கை போகும் ஓட்டையாகும். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது யாராவது நடந்து பார்த்தால்தான் தெரியும்.

வலை கேட்டு எழுதும்போது பாலத்தின் எண் பலகையைப் படம் எடுத்து, கிலோமீட்டர் எண், எந்தத் தோட்டத்து வழி, பிள்ளைகள் எந்த நேரத்தில் கடக்கிறார்கள் என்பதையெல்லாம் குறிப்பிட்டு அனுப்ப வேண்டும். நெடுஞ்சாலைக்கு மேல் போகும் பாலம் என்றால் நெடுஞ்சாலை நிறுவனத்துக்கு, நகல் மலேசிய நெடுஞ்சாலை வாரியத்துக்கு. ஒரே பக்கக் கடிதம் போதும். படம் இல்லாத கடிதம் எங்கேயாவது ஒரு கோப்பில் தூங்கும்.

வலை வருவதற்குக் காலமாகும். அதுவரை கையால் செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு, கல்லை எடுத்துவிடுவது. பையன்கள் வீட்டிலிருந்து கல்லைக் கொண்டுவருவதில்லை. பாலத்திலேயே கிடப்பதைத்தான் குனிந்து எடுக்கிறார்கள். தார் போட்ட பிறகு ஓரத்தில் விட்டுப்போன ஜல்லி, உடைந்த ஓரக்கல், டிராக்டர் டயரில் ஒட்டி வந்து காய்ந்த மண்கட்டி, லோரியிலிருந்து சிந்திய குலைத்தண்டு, இவையெல்லாம் கைப்பிடிச் சுவரை ஒட்டித்தான் சேரும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியும் இரண்டு சாக்கும் இருந்தால் ஒரு பாலத்தை முடித்துவிடலாம். கூட்டியதைப் பாலத்து முனையிலேயே குவித்துவிட்டுப் போகக் கூடாது, சாக்கில் அள்ளி லயத்துக்குள் எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே கொட்டி நிரவிவிட வேண்டும்.